ஐஸ் மேல் தனியாகவா, நாலு பேரோடா? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து ஸ்கேட்டிங் தொடங்குபவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலும் சரி, தருமபுரியிலும் சரி, ஐஸ் ஸ்கேட்டிங் தளம் கிடையாது. இங்கே ஸ்கேட்டிங் என்றால் ரோலர்தான். சாயங்காலம் காங்கிரீட் தரையில் பிள்ளைகள் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுவார்களே, அது. ஐஸ் வேண்டுமென்றால் பெங்களூரு பக்கம்தான் போக வேண்டும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 135. தருமபுரிக்காரர்களுக்கு ரயிலாவது உண்டு, கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை, பஸ்தான். போக வர அரைநாள் ஆகிவிடும், ஐஸ் மேல் நிற்பது ஒரு மணி நேரம். மாதம் ஒருமுறை போக முடிந்தாலே பெரிய விஷயம்.

"தனியாகப் போய்ப் பழகலாமா, யாரையாவது கூட்டிக்கொண்டு போகணுமா?" என்று புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே ரிங்க், அதாவது ஐஸ் தளம், இருப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொள்ளலாம். நமக்கு ஐஸ் கிடைப்பதே எண்ணி எடுத்த மணி நேரம், அதனால் முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போவது நல்லது.

எனக்கு ஓசூரில் வேலை, வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அதனால் கூட்டமில்லாத நேரத்தில் தனியாகப் பழக வாய்ப்புக் கிடைத்தது. தருமபுரியில் இருக்கும் அக்கா மகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தால் அவளோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் போயிருக்கிறேன். இரண்டிலும் விழுந்து எழுந்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: காலைப் பழக்கத் தனிமை வேண்டும், கண்ணைப் பழக்கக் கூட்டம் வேண்டும். ஒரே மணி நேரத்துக்குள் இரண்டுக்கும் இடம் ஒதுக்க முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதலில் போன் போடுங்கள். மால்களுக்குள் வருகிற சின்ன ரிங்க்குகள் சில வருஷம் ஓடும், பிறகு மூடிவிடும். பழைய படத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டபிறகு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். நிஜ ஐஸா, பிளாஸ்டிக் பலகை விரித்த தளமா? ஒரு செஷனுக்கு எத்தனை பேரை விடுவார்கள்? எந்த நாள், எந்த நேரம் ஆள் குறைவு? பிளாஸ்டிக் தளம் கெட்டது என்று சொல்ல மாட்டேன், நடை பழகலாம். ஆனால் அதில் உராய்வு அதிகம், ஐஸில் போல வழுக்கிக்கொண்டு போகாது. ஐஸ் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

சர்வதேசப் போட்டித் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மால் தளம் அதில் ஒரு துண்டுதான் இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் பதினைந்து பேர் நின்றாலே கூட்டம்தான். ஆகவே ஆள் குறைவான நேரத்தைக் கேட்டு வாங்குவது பாதி வேலையை முடித்த மாதிரி.

வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அது முழுக்கத் தனி ஆள் வேலை. குக்கர் மூன்று விசில் வரும்வரை ஒற்றைக் காலில் நில்லுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி. அடுத்த நாள் மறு கால். இரண்டு வாரத்தில் கணுக்கால் ஆட்டம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வீடுகளில் கிரானைட் தரைக்கா பஞ்சம்? வழவழப்பான தரையில் காலுறை போட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளி மறு காலில் நகருங்கள். ஸ்கேட்டிங்கில் தள்ளுவது பின்னோக்கி அல்ல, பக்கவாட்டில்தான். நடந்து பழகிய உடம்புக்கு இது புதுசு, அதை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் ஐஸில் இருபது நிமிஷம் மிச்சம்.

ரோலர் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சமநிலையும் வளைவில் கால் மாற்றுவதும் அப்படியே உதவும், நிற்பது மட்டும் உதவாது. ரோலரில் பிரேக் கட்டையை அழுத்தி நிற்கிற பழக்கத்தில் ஐஸில் முன்பாதத்தை அழுத்தினால், பிளேடின் நுனியில் இருக்கும் பற்கள் ஐஸில் குத்தி, ஆள் குப்புற விழுவார். என் அக்கா மகள் முதல் நாள் அப்படித்தான் விழுந்தாள். நன்றாக ரோலர் ஓட்டுகிற பிள்ளைதான்.

வெளியே வெயில் 38 டிகிரி அடித்தாலும் முழுக்கால் பேன்ட், முழங்கை மூடும் சட்டை, கையுறை மூன்றும் வேண்டும். கையுறை குளிருக்காக மட்டும் இல்லை. விழும்போது உள்ளங்கை கிழியாது, விரல்மேல் யாராவது பிளேடை ஏற்றினாலும் ஓரளவுக்குக் காக்கும். சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் எடுத்துப் போங்கள்.

ஷூவும் பிளேடும்

வாடகை ஷூவில் ஏமாறுவதுதான் புதியவர்கள் மனசு விட்டுப்போக முதல் காரணம். குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடக்கூடாது. கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும், மடங்கக்கூடாது. தடித்த கம்பளிக் காலுறை போட்டால் சூடாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் பிடிப்பு போய்விடும். மெல்லிய காலுறைதான் சரி. லேஸை விரல் பக்கம் சாதாரணமாக விட்டு, பாதமும் கணுக்காலும் சேரும் மடிப்பில் நன்றாக இறுக்கி, மேலே மறுபடி கொஞ்சம் தளர்த்துங்கள். எழுந்து நின்று முழங்காலை மடக்கிப் பாருங்கள். மடக்க முடியவில்லை என்றால் மேலே இறுக்கம் அதிகம்.

அப்புறம் பிளேடு. ஒரு விரலின் நகத்தை அதன் ஓரத்தில் குறுக்காக, மெதுவாக இழுத்துப் பாருங்கள், நீளவாக்கில் வேண்டாம். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் சுரண்டி வந்தால் பிளேடு கூர்மை. வழுக்கிக்கொண்டு போனால் மொக்கை. மொக்கையாக இருந்தால் தயங்காமல் வேறு ஜோடி கேளுங்கள். மொக்கைப் பிளேடோடு ஒரு மணி நேரம் போராடிவிட்டு "எனக்கு வராது" என்று முடிவு கட்டி வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராதது அவர்களுக்கு அல்ல, பிளேடுக்கு.

பிளேடைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு குழிவு ஓடும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. உள் விளிம்பு, வெளி விளிம்பு. ஐஸ் ஸ்கேட்டிங் முழுவதும் இந்த இரண்டு விளிம்பை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான்.

முதல் பத்து நிமிஷம்

உள்ளே போனதும் சுவர்ப் பக்கம். ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று பலரும் கேட்பார்கள். நம் எடை அழுத்தி ஐஸ் உருகுகிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஐஸின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால், உறைநிலைக்குக் கீழேயும் அவை தளர்வாக, கிட்டத்தட்ட நீர் மாதிரி நடந்துகொள்கின்றன. ஸ்கேட்டிங் தளத்தின் மேற்பரப்பு வழக்கமாக மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டிகிரிக்குள் இருக்கும். அந்தக் குளிரிலும் அந்தப் படலம் இருக்கிறது.

முழங்கால் மடிந்தே இருக்கட்டும். கை இடுப்பு உயரத்தில், கண்ணில் படும்படி முன்னால். அணிவகுப்பு மாதிரி சின்னச் சின்ன அடி வையுங்கள், அப்படியே நிறுத்துங்கள், இரண்டு காலிலும் வழுக்கிப் போங்கள். தடுமாறினால் நிமிராதீர்கள். இன்னும் தாழ்ந்து, பக்கவாட்டில், புட்டத்தின் சதைப் பகுதி படும்படி உட்காருங்கள். விழுந்த உடனே கையை முஷ்டியாக மடக்கிக்கொள்ளுங்கள். பிறகு முட்டி போட்டு, ஒரு பாதத்தை இரண்டு கைக்கும் நடுவில் ஊன்றி, அந்த முழங்காலில் கை வைத்து எழுந்திருங்கள். இதை வேண்டுமென்றே நாலு தடவை விழுந்து பழகுங்கள். விழுவதற்குப் பயம் போனால்தான் மற்றதெல்லாம்.

நிற்கப் பழகாமல் சுவரை விட்டு வராதீர்கள். குதிகால்களை வெளியே தள்ளி, இரண்டு பாதத்தின் முன்பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைத்து, உள் விளிம்பால் ஐஸைச் சுரண்டுங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாகக் குவிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

தனியாக: கோட்டைப் பாருங்கள்

தளத்தை வண்டி விட்டுச் சமன் செய்வார்கள். 1949இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி உருவாக்கிய வண்டி அது, அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். மேலே மெல்லிசாகச் சீவி எடுத்து, வெந்நீரைப் பரப்பிக்கொண்டு போகும். அது உறைந்ததும் தளம் கண்ணாடி. சின்ன ரிங்க்குகளில் வண்டி இல்லாமல் கையால் செய்வதும் உண்டு. எப்படிச் செய்தாலும், அது முடிந்த உடனே உள்ளே போகிற முதல் ஆளாக இருங்கள்.

ஏனென்றால், அந்தப் புது ஐஸில்தான் நீங்கள் போன தடம் தெரியும். இரண்டு காலில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து குனிந்து பாருங்கள். ஒரு பிளேடு இரண்டு மெல்லிய கோடுகளை இணையாக விட்டிருந்தால் நீங்கள் நட்டுக்குத்தலாக, இரண்டு விளிம்பிலும் நின்றிருக்கிறீர்கள். ஒரே கோடு வளைந்து போயிருந்தால் ஒரு விளிம்பில் சாய்ந்திருக்கிறீர்கள். கோடு நடுவில் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் அந்த இடத்தில் பாதம் குறுக்கே திரும்பியிருக்கிறது. எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. நூறு பேர் போன தளத்தில் இதைப் பார்க்கவே முடியாது, கோட்டின்மேல் கோடு.

கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாசல் தெளித்து யாரும் மிதிப்பதற்கு முன் போட்டால்தானே இழை சரியாக வந்ததா என்று தெரிகிறது? ஐஸில் தாவியும் சுழன்றும் ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அந்தப் பெயரே அப்படி வந்ததுதான், ஃபிகர் என்றால் உருவம். முன்பெல்லாம் ஐஸ் மேல் 8 என்ற எண் மாதிரியான உருவங்களை வரைந்து, அதே கோட்டின்மேல் மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து தடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் மேல் இதற்குத்தான். சர்வதேசப் போட்டிகளில் 1990 வரை இது இருந்தது. அந்தக் காலப் பயிற்சியில் தளத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பட்டை வாடகைக்குக் கொடுப்பார்கள். சுற்றிலும் பலர் இருந்தாலும் அவரவர் பட்டையில் அவரவர் தனி.

இதை நாமும் செய்யலாம். கூட்டம் இருந்தாலும், சுற்று ஓட்டத்துக்கு வெளியே ஒரு மூலையில், நாலு மீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அங்கே இரண்டே பயிற்சி போதும். ஒன்று, பாதங்களை வெளியே விரித்து மறுபடி உள்ளே சேர்ப்பது. தடம் கண் வரைந்த மாதிரி இருக்கும், இரண்டு இமையும் ஒரே அளவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும், அதுதான் உங்கள் பலவீனமான கால். இரண்டாவது, ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை வழுக்குவது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். விளிம்பு சரியாகப் பிடித்தால் துணி கிழிகிற மாதிரி நீளமான சத்தம். கரகரவென்று வந்தால் பாதம் குறுக்கே போகிறது.

தனியாகப் பழகுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தளத்தில் நான் மட்டும். பின்னோக்கிப் போக முயன்று, மல்லாந்து விழுந்து, பின்மண்டை ஐஸில் மோதியது. ஹெல்மெட் போடவில்லை. கண்காணிக்க வேண்டிய பையன் வெளியே போயிருந்தான். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று எனக்கே தெரியாது, முதுகெல்லாம் நனைந்திருந்தது. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஆள் இல்லாமல் ஐஸில் கால் வைப்பதில்லை. அவர் ஸ்கேட்டிங் செய்ய வேண்டியதில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தலையில் அடிபட்டால் அன்றைக்கு மறுபடி ஐஸில் ஏறவே கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நிலையில் தனியாக பஸ் ஏறி ஊர் திரும்பாதீர்கள்.

கூட்டத்தோடு: கண்ணுக்கு வேலை

பொதுச் செஷனில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள், வழக்கமாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். கோயில் பிரகாரத்தில் வலம் வந்து பழகிய நமக்கு இது தலைகீழ், முதலில் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும். வாசலில் ஒரு நிமிஷம் நின்று ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, இடைவெளி வரும்போது உள்ளே போங்கள். புதியவர்கள் சுவர் ஓரம், வேகமானவர்கள் உள்சுற்று, சுழல்பவர்கள் நடுவில். முந்துவதென்றால் உள்பக்கமாக. பாதையின் நடுவில் நின்று பேசாதீர்கள், போன் எடுக்காதீர்கள். பின்னோக்கிப் போவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை பாருங்கள். விழுந்தால் உடனே எழுந்திருங்கள், வலிக்கிறதா என்று யோசிப்பது சுவருக்குப் போன பிறகு.

யாராவது விழுந்தால் கை கொடுத்துத் தூக்கத்தான் நமக்கு மனசு வரும். ஐஸில் அது இரண்டு பேரையும் கவிழ்க்கும். அவருக்குப் பின்னால், வருகிறவர்களைப் பார்த்தபடி அரணாக நின்று, கையை உயர்த்திக் காட்டுங்கள். அவர் தானாக எழுந்துகொள்வார்.

வரிசையாகக் கைகோத்து ஓடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் அப்படிக் கோத்து வந்தார்கள். வளைவில் கடைசி ஆளின் வேகம் கூடி, பிடி விட்டு, என் அக்கா மகளின் முழங்காலில் வந்து இடித்தார். அவள் மேல் தப்பே இல்லை, சுவர் ஓரம்தான் போய்க்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். பெரிய போட்டிகளில் தனிநபர் பிரிவில் ஆட்டத்துக்கு முன் ஆறு நிமிஷ வார்ம்-அப் உண்டு, அதிகபட்சம் ஆறு பேர் ஒன்றாகத் தளத்தில் இருப்பார்கள். 2014 நவம்பரில் ஷாங்காயில் அப்படியொரு வார்ம்-அப்பில் ஒலிம்பிக் சாம்பியன் யுசுரு ஹன்யுவும் சீன வீரர் யான் ஹானும் வேகமாக வந்து மோதிக்கொண்டார்கள். ஹன்யு தலையில் கட்டோடு ஆடி இரண்டாமிடம் பிடித்தார். உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த இருவர், தளத்தில் ஆறே பேர், இருந்தும் மோதல். வேகம் வந்தால் பார்வை எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்னாளில் பயிற்சியாளரோடு பழகுபவர்களுக்கான செஷனுக்குப் போனால் அங்கே வேறு மரியாதை. யாருடைய ஆட்டத்துக்கான பாட்டு ஒலிக்கிறதோ அவருக்கு முதல் வழி. அடுத்து, பாடம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு. லட்ஸ் என்ற தாவலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையை நோக்கி நீளமாக வருவார்கள், அந்த மூலையில் நிற்காதீர்கள்.

இவ்வளவு தொந்தரவு இருந்தும் கூட்டத்தில் ஏன் பழக வேண்டும்? தனியாகவே பழகியவருக்குத் தலை எப்போதும் குனிந்தே இருக்கும், கண் பாதத்திலேயே இருக்கும். நான் அப்படித்தான் இருந்தேன். தனியாக மூன்று மாதம் பழகி அழகாக வழுக்கிய எனக்கு, முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் குழந்தை குறுக்கே வந்தபோது நிற்கத் தெரியவில்லை. சுவரில் போய்த்தான் மோதினேன். தனியாக இருந்தபோது நானே விரும்பிய இடத்தில் நின்றேன். அடுத்தவருக்காக நிற்பது வேறு பாடம்.

கூட ஒருவர் வந்தால்

கூட வருபவரை ஊன்றுகோல் ஆக்காதீர்கள். அக்கா மகள் முதல் நாள் "மாமா, கையை விட்டுடாதீங்க" என்றாள். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே போனேன். அவள் தன் எடையை என் கையில் போட்டுப் பழகிவிட்டாள், கையை எடுத்ததும் பழையபடி முதலிலிருந்து. அடுத்த முறை ஒரு கை தூரத்தில் கூடவே போனேன், பேச்சுக் கொடுத்துக்கொண்டு, தொடாமல். அன்றைக்கே தனியாக ஒரு சுற்று வந்துவிட்டாள்.

இருவரில் ஒருவர் ஐஸில், ஒருவர் தடுப்புக்கு வெளியே, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் போனில் இருபது விநாடி படம் எடுத்து, ஒரே ஒரு குறை மட்டும் சொல்லட்டும். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் நிற்காது. பிறகு இருவரும் ஐஸில் ஏறி, ஒருவர் முன்னால், மற்றவர் மூன்று மீட்டர் பின்னால், முன்னவர் செய்வதை அப்படியே செய்து போங்கள். பின்னால் வருபவருக்குத் தலை தானாக நிமிரும்.

ஒரு மணி நேரத்தை நான் பிரிப்பது இப்படி: புது ஐஸில் முதல் இருபத்தைந்து நிமிஷம் தனியாக மூலையில். கால் சோர்வதற்கு முன் அதை முடித்துவிட்டு, ஐந்து நிமிஷம் வெளியே வந்து லேஸைச் சரி செய்துகொள்வேன். அதன்பின் இருபது நிமிஷம் ஓட்டத்தோடு. கடைசிப் பத்து நிமிஷம் புதிதாக எதையும் முயல மாட்டேன், பெரும்பாலும் அடிபடுவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். முதல் இரண்டு முறை போகிறவர்கள் மட்டும் ஓட்டத்தில் பத்து நிமிஷம் போனால் போதும்.

வெளியே வந்ததும் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுங்கள், சொந்த ஷூ என்றால் துணி உறை போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறும். சிமெண்ட் தரையில் பிளேடோடு நடக்கவே கூடாது. மறுநாள் உள்தொடை வலிக்கும், அது நல்ல வலி. கணுக்கால் எலும்பு வலித்தால் லேஸ் தளர்வாக இருந்திருக்கலாம். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஓசூர் தாண்டுவதற்குள் போனில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், "இடது கால், வெளி விளிம்பு, கோடு பாதியில் தடிக்கிறது" என்கிற மாதிரி. அடுத்த மாதம் அந்த மூலைக்குப் போய் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குங்கள்.